ரொக்காமொரெல்லாவின் திருட்டு மணி

எர்சீலியா போவோனே முப்பத்தொரு வருடமாக ரொக்காமொரெல்லா நகராட்சியின் ஒரே குமாஸ்தா. நகராட்சி என்றதும் மலைத்துவிட வேண்டாம். இருநூற்றுப் பதினோரு தலை, ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஒரு மேயர், அவ்வளவுதான். ஆனால் அலுவலகத்துக்குள் வரும் எந்தத் தாளும் எர்சீலியாவின் முத்திரையும் எண்ணும் வாங்காமல் தப்ப முடியாது. ஒருமுறை மேயர் ஒரெஸ்தே, பாலாடைக்கட்டி சுற்றி வந்த காகிதத்தை மேஜையில் மறந்துவிட்டுப் போனார். அதற்கும் எண் விழுந்தது. இன்றும் அது அலமாரியில் இருக்கிறது, வாடையும் போகவில்லை.

ஊருக்கு எண்ணூறு வருடச் சரித்திரம். அதில் உருப்படியாக நடந்தது ஒன்றுதான். 1644 நவம்பரில், மூடுபனியில், நம் ஆட்கள் பன்னிரண்டு பேர் எதிர்மலை காஸ்தெல்வெர்ரோவுக்குப் போய் அந்த ஊர் மணியைத் திருடிக்கொண்டு வந்தார்கள். அதற்குத்தான் வருடா வருடம் வாத்து வறுவலும் சுட்ட செஸ்ட்நட் கொட்டையுமாகத் திருவிழா. கொடி பிடித்து ஊர்வலத்தின் முன்னால் நடப்பது எர்சீலியா. அதே நாளில் காஸ்தெல்வெர்ரோவில் துக்கப் பூசை. அவர்கள் அழ அழ இங்கே பசி கூடும்.

இந்த வருடம் அந்த ஊர் மேயர் ஃபுல்ஜென்சியோ மனு அனுப்பிவிட்டார். மணியைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் கோர்ட்.

"மறுக்கவும் முடியாதே அக்கா, திருடினோம் திருடினோம்னு நாமளே மேளம் அடிச்சுட்டிருக்கோம்" என்றார் ஒரெஸ்தே, கழுத்தைத் துடைத்தபடி.

எர்சீலியா ஆவண அறைக்குள் போய் மூன்று நாள் தும்மினாள். மூன்றாம் நாள் அந்தக் காலத்துப் பாதிரியார் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. பழக்க தோஷத்தில் முதலில் முத்திரை குத்தினாள், பிறகுதான் படித்தாள்.

பன்னிரண்டு பேரும் புறப்படுமுன் நன்றாகவே குடித்திருக்கிறார்கள். பனியில் வழி தவறி, மலையைச் சுற்றி வந்து, சொந்த ஊர்க் கோபுரத்தில் ஏறிச் சொந்த மணியைக் கழற்றியிருக்கிறார்கள். விடியும்வரை வண்டியோடு அலைந்துவிட்டு ஊருக்குள் வந்தால் கோபுரம் காலி. "படுபாவிங்க, நாம அங்கே போன நேரம் பார்த்து நம்ம மணியைத் தூக்கிட்டாங்க" என்று திட்டிவிட்டு, கையிலிருந்ததை மாட்டிவிட்டார்கள். அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் பாதிரியார் வாயைத் திறக்கவில்லை.

எர்சீலியா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். கடிதத்தைக் காட்டினால் மணி தங்கும், மானம் போகும். மறைத்தால் மணியே போய்விடும். மணி இல்லாத ஊரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை இரண்டு மேயர்களும் அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். வாசித்துக் காட்டினாள். ஒரெஸ்தே தலையில் கை வைத்துக்கொண்டார். ஃபுல்ஜென்சியோவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது.

"சொந்த மணியைத் திருடின சூரப்புலிங்களா நீங்க. நாளைக்கே பேப்பர்ல போடறேன் பாருங்க."

"போடுங்க மேயரய்யா. அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்" என்றாள் எர்சீலியா. "மணி போச்சேன்னு வருஷா வருஷம் துக்கப் பூசை வைக்கிறீங்களே, அந்தப் பூசைக்கு ஜனங்களைக் கூப்பிட எதை அடிக்கிறீங்க?"

"எங்க கோபுரத்து மணியைத்தான்."

"அது எப்போ வாங்கினது?"

ஃபுல்ஜென்சியோ விரல்விட்டு வருடங்களை எண்ணினார். பாதியில் நிறுத்தினார். ஜன்னல் வழியாக எதிர்மலையைப் பார்த்தார். கிட்டத்தட்ட நானூறு வருடம் அவர்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

"இந்தக் கடுதாசிக்கு நகல் ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்டார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

"இல்லை."

"அப்போ அடுப்புல போட்டுடலாமே" என்றார் ஒரெஸ்தே.

"முந்நூத்திப் பதினெட்டு. நம்பர் போட்டாச்சு. நான் உசுரோட இருக்கறவரைக்கும் ஒரு தாளும் அடுப்புக்குப் போகாது."

இரண்டு மேயர்களும் ஒரே மாதிரி பெருமூச்சு விட்டார்கள். எர்சீலியா எழுந்து அலமாரியின் அடித்தட்டிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை இழுத்தாள். கீழ்த்தெரு சாக்கடை ரிப்பேர். கடிதத்தை அதன் நடுவில் செருகினாள்.

"நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இதை ஒருத்தரும் திறந்ததில்லை" என்றாள். நாலு தேர்தலில் அந்தச் சாக்கடையைச் சரிசெய்வதாக வாக்குறுதி கொடுத்து ஜெயித்த ஒரெஸ்தே தரையைப் பார்த்தார்.

மனு வாபஸ் ஆனது. நவம்பரில் இங்கே வாத்து வறுத்தார்கள், அங்கே மணியடித்து அழுதார்கள். கீழ்த்தெரு சாக்கடையை மட்டும் இனி எந்த மேயராலும் சரிசெய்ய முடியாது. இரண்டு ஊர் மானமும் அதன் கோப்புக்குள் கிடக்கிறது.