வலப்பக்கத்துப் படகு

இது நடந்தது. நம்புங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஏனென்றால் இதற்குள் ஒரு பொய் இருக்கிறது. அதை எழுதியவள் நான். அந்த ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் நடந்தபடியே. நேரங்களை அன்றன்றே கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்து வைத்தேன். பௌதிகம் படித்த பழக்கம்.

கப்பலின் பெயரை எழுத மாட்டேன். அது இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

1986, ஜூலை. பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடங்களில் எங்களைப் போன்றவர்களுக்கு எங்கும் வேலை இல்லை. மலேசியாவில், சிலாங்கூர் பக்கம் அசாம் ஜாவா என்ற ஊரில் அண்ணன் வாசுவின் வீட்டில் இருந்தேன். அண்ணன் ராவாங் தொழிற்சாலைக்கு விடியும் முன்பே பஸ் ஏறிவிடுவார். அண்ணி லீலாவதிக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. நாலு மணிக்கு மேல்தான் வருவார். பகல் முழுவதும் நான் தனியாக இருப்பேன்.

நான் போர்க்கப்பல் மாதிரிகள் செய்வேன். பினாங்கில் படிக்கும்போது பிடித்த பழக்கம். பழைய வரைபடத்தையும் புகைப்படத்தையும் வைத்துக்கொண்டு, கட்டை, பசை, நூல், சாயம். ஒவ்வொரு அளவும் உண்மைக் கப்பலில் நூற்றில் ஒரு பங்கு. யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது போதும்.

"டிகிரி முடிச்சிட்டு பொம்மைக் கப்பல்" என்பார் அண்ணி. "வேலை கிடைக்கலன்னா இதுலயே ஏறிப் போயிடு லா. எங்களுக்கும் ஒரு டிக்கெட் போடு."

ஆனால் கப்பலின் கயிறுகளுக்கு மெல்லிய சாம்பல் நிற நூலைத் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான்.

கோலாலம்பூரில் ஒரு போர் வரலாற்றுக் காட்சிக்கூடம் திறக்கப் போகிறார்கள், அதற்கு மாதிரிக் கப்பல் போட்டி என்று பத்திரிகையில் வந்தது. சிறந்த கப்பலைச் செய்தவருக்கு அங்கேயே உதவியாளர் வேலை. நிரந்தர வேலை. அந்த அறிவிப்பை வெட்டிப் பர்சில் வைத்துக்கொண்டேன். விவரம் கேட்கப் பொதுத் தொலைபேசியிலிருந்து அழைத்தபோது போட்டிக் குழுவின் செயலாளர் சிவானந்தம் சார் சொன்னார்.

"அழகா இருக்கணும்னு இல்லம்மா. உண்மையா இருக்கணும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஆதாரம் எழுதித் தரணும். வரைபடம், போட்டோ, இல்ல நேர்ல பாத்தவங்க. ஒன்னு தப்பா இருந்தாலும் தள்ளிடுவோம்."

நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்னக் கப்பல். கரையோரம் சரக்கு ஏற்றிய நீராவிக் கப்பல். சண்டை வந்ததும் முன்னால் பீரங்கி வைத்து, சாம்பல் பூசிப் போர்க்கப்பல் ஆக்கிவிட்டார்கள். 1942 ஜனவரியில் சிலாங்கூர் ஆற்று முகத்துக்கு வெளியே குண்டு விழுந்து மூழ்கியது. ஒரே ஒரு புகைப்படம்தான் கிடைத்தது. அதில் இடப்பக்கம் மட்டும் தெரிந்தது. ஒரு உயிர்காப்புப் படகு, வளைந்த இரண்டு இரும்புக் கைகளில் தொங்கியது.

எங்களைப் போல மாதிரி செய்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கம் தெரிந்தால் மறு பக்கமும் அப்படியே. நானும் அப்படியே செய்தேன். வலப்பக்கத்துப் படகுக்குப் பதினோரு நாள் ஆனது. உள்ளே ஆறு துடுப்புகள்கூட வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். சந்தையில் அண்ணி என் கப்பலைப் பற்றிச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறார். பெயர் இராமையா. புக்கிட் ரோத்தான் பக்கம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தார். அந்தக் கப்பலில் கரி அள்ளியவராம்.

மாதிரியை வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை. பிறகு மேசையைச் சுற்றி மறு பக்கம் போனார்.

"இந்தப் பக்கம் படகு இல்ல பாப்பா."

"அந்தப் பக்கம் இருக்குங்களே, ஐயா. போட்டோவுல இருக்கு."

"அந்தப் பக்கம் இருந்திச்சி. இந்தப் பக்கம் வெறும் இரும்புதான். முந்தின வாரமே குண்டுல ஒடைஞ்சி போயிருக்கு. நான் கீழயே கெடந்தவன். அப்பறந்தான் பாத்தேன்."

"எதுலயாச்சும் எழுதி இருக்கா? பேப்பர், படம்…"

"நான் பாத்தேம்மா."

அவர் கால்களைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. ஒரு வார் சணலால் கட்டியிருந்தது. இவரைப் போய் எப்படி ஆதாரமாகக் காட்டுவது என்று நினைத்தேன். எங்கள் அப்பாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்தான். இருந்தும் அப்படி நினைத்தேன். தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

மறுநாள் திங்கள். காலை 10.25. ஆதாரத் தாளை நிரப்பினேன். வெறும் இரும்புக் கைகளை வைத்தால் வேலை முடியவில்லை என்று நினைப்பார்கள். படகை எடுக்க மனம் வரவில்லை. வலப்பக்கத்துப் படகுக்கு நேரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் எழுதினேன்.

'நேரில் கண்டவர்: திரு. இராமையா, புக்கிட் ரோத்தான்.'

உண்மைக்கு ஆதாரமாக ஆகாத மனிதர் என் பொய்க்கு ஆதாரமானார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

அன்று மதியம் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் ஒரு சத்தம். 'டக்.' பேனா விழுந்ததுபோல. போய்ப் பார்த்தேன். மணி 3.10.

வலப்பக்கத்துப் படகு மேசைமேல் கிடந்தது.

பசை விட்டிருக்கும் என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தேன். பசை விடவில்லை. படகைத் தொங்கவிட்ட நூல் முடிச்சுகள் நான்கும் அவிழ்ந்திருந்தன. அறுந்திருக்கவில்லை. அவிழ்ந்திருந்தன. இடுக்கியை வைத்து ஒரு முடிச்சுப் போட எனக்கு இருபது நிமிடம் ஆகும்.

மீண்டும் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சின்மேலும் ஒரு துளி பசை வைத்தேன்.

செவ்வாய். கதவு, சன்னல் எல்லாம் அடைத்துவிட்டுப் பின்புறம் துணி காயப்போட்டேன். உள்ளே வந்தபோது மணி 3.14. படகு மேசைமேல் இருந்தது. இந்த முறை விழுந்துகிடக்கவில்லை. யாரோ எடுத்து வைத்ததுபோல நேராக இருந்தது. ஆறு துடுப்புகளும் பக்கத்தில் வரிசையாக.

அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் இராமையாவைப் பற்றிக் கேட்பார்.

புதன், ஜூலை 16. மறுநாள் கப்பலை ஒப்படைக்க வேண்டும். சாயத்தின் நிறம் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும். 2.40க்குத் தளம் முழுவதற்கும் கடைசிப் பூச்சு கொடுத்தேன். படகைக் கட்டினேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். மேசை ஆடினால் தெரியும்படி இரசமட்டம் ஒன்றைக் கப்பலின் அடிப்பலகைமேல் குறுக்காக வைத்தேன். குமிழி நடுவில் நின்றது.

3.00. ஒன்றுமில்லை.

3.05. வெளியே ஒரு லோரி போனது. குமிழி அசைந்து மறுபடி நடுவுக்கு வந்தது.

3.09. சன்னலுக்கு வெளியே பறவைச் சத்தம் நின்றது.

3.10…

'சர்… சர்… சர்…'

காகிதத்தின்மேல் எறும்புகள் போகும் சத்தம் போல. குனிந்தேன். கப்பலிலிருந்து வந்தது.

குமிழி நகர்ந்தது. மேசை ஆடவில்லை. லோரி எதுவும் போகவில்லை. குமிழி இடப்பக்கம் போய் அங்கேயே நின்றது. அப்படியென்றால் வலப்பக்கம் பாரம் ஏறுகிறது.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். சாயம் இன்னும் காயவில்லை. தளத்தில், படகுக்கு நேர் கீழே, ஒரு சின்னப் பள்ளம். பக்கத்தில் இன்னொன்று.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது பள்ளம் விழுந்தது. என் கண் முன்னால்.

நான்காவது.

பிறகு வரிசையாக… வேகமாக… இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை…

எல்லாம் இரண்டு இரண்டாக.

அளவுகோலை வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. இரண்டரை மில்லிமீட்டர். நூறால் பெருக்கினேன். இருபத்தைந்து சென்டிமீட்டர்.

பாதம்.

எல்லாப் பாதங்களும் ஒரே பக்கம் பார்த்தன. படகின் பக்கம்.

பெரிய பாதங்களுக்கு நடுவே சில பாதங்கள் மிகச் சிறியவை. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

நான் அவற்றைப் பெருக்கவில்லை.

'டக்.'

படகு விழுந்தது.

சத்தம் நின்றது. மணி 3.17.

ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். சாயக் குப்பியைத் திறந்தேன். தூரிகையை எடுத்தேன். அந்தப் பாதங்களின்மேல் சாம்பல் சாயம் பூசினேன். பெரியவை, சிறியவை, எல்லாம். கப்பலை ஒப்படைக்க ஒரு இரவுதான் இருந்தது. அண்ணி வரும்போது தளம் வழவழப்பாக இருந்தது. படகும் தன் இடத்தில் தொங்கியது.

"முடிச்சிட்டியா? முகம் ஏன் வெளுத்துக் கெடக்கு?"

"சாய வாடை அண்ணி."

பத்து நாளில் முடிவு வந்தது. என் கப்பல்தான் தேர்வானது. தமிழ்ப் பத்திரிகையில் படம் போட்டார்கள். 'நேரில் கண்ட திரு. இராமையாவின் துணையுடன்' என்றும் போட்டார்கள். அண்ணன் பத்துப் பிரதி வாங்கினார். நான் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

ஆகஸ்டு 4, திங்கள், வேலையில் சேர வேண்டும். அதற்கு முந்தின நாள் பஸ் ஏறி புக்கிட் ரோத்தான் போனேன். அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொன்னால் சிவானந்தம் சாருக்கும் எழுதிவிடுவது, வேலை போனால் போகட்டும்… பஸ்ஸில் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

லயத்து வீட்டு வாசலில் ஓர் அம்மா நின்றார். இராமையாவின் மகள் இராஜம்மா. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாத தங்கச்சி. அப்பா தூங்குறாரு."

"நான் அப்புறம் வரேன் அக்கா."

"இரு இரு. நீதான கப்பல் செஞ்ச பொண்ணு? பேப்பர்ல பாத்தோம். உன் கையப் புடிச்சி ரெண்டு வார்த்தை சொல்லணும்னே இருந்தேன்."

உள்ளே பார்த்தேன். தரையில் பாய். பெரியவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்து, குழந்தைபோல.

"இந்த நேரத்துல அப்பா படுத்து நான் பாத்ததே இல்ல" என்று இராஜம்மா மெதுவாகச் சொன்னார். "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா, மத்தியானம் மூணு மணி ஆச்சின்னா பின்னால போயி நின்னுக்குவாரு. அங்க யாரும் இருக்க மாட்டாங்க. யாரையோ பாத்துக் கையெடுத்துக் கும்புடுவாரு. அழுவாரு. 'தெரியாம சொல்லிட்டேன், தெரியாம சொல்லிட்டேன்'னு."

"என்ன சொல்லிட்டாராம்?"

"கப்பல் முழுவுறப்போ ஒரு படகுதான் இருந்திச்சாம். சப்பான்காரனுக்குப் பயந்து ஏறுன தோட்டத்து ஆளுங்க, புள்ள குட்டியோட ஒரே கூட்டமாம். அப்பாதான் 'அந்தப் பக்கமும் ஒரு படகு இருக்கு, ஓடுங்க'ன்னு கத்தியிருக்காரு. இந்தப் பக்கம் இருந்தா அந்தப் பக்கமும் இருக்கும்னு நெனச்சிட்டாரு. எல்லாரும் ஓடிப் போயி நின்னாங்களாம். அவர நம்பி."

பாயில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நாப்பத்தி நாலு வருசம். ஒரு நாள் வுடல. தாலிச் சங்கிலிய வித்துக்கூட மந்திரிச்சிப் பாத்தோம். இப்பதான் மூணு வாரமா நின்னிருக்கு. போன மாசம் பதினாலாந்தேதி, திங்கக்கெழம. மூணு மணிக்கு வழக்கம்போல பின்னால போனாரு. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்தாரு. 'இன்னிக்கு யாரும் வரல'ன்னாரு. பாய விரிச்சிப் படுத்தாரு."

அதே திங்கள், என் நோட்டில் 3.10. இராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுநாளும் வரலியாம். அன்னிலேருந்து இப்படித்தான் தூங்குறாரு. நீ அவரு பேர எழுதுன புண்ணியம் லா, வேற என்ன?"

கூரை ஓட்டில் ஏதோ இலை விழுந்தது. பெரியவர் அசையவில்லை. மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"எழுப்பட்டுமா? உன்னப் பாத்தா சந்தோசப்படுவாரு."

வேண்டாம் என்றேன்.

திரும்பி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலையில் சேர்ந்தேன்.