இடிந்த வீட்டையும் கட்டுபவர்

தடித்த அட்டையில் வஜ்ஜிரப் பசை தடவி, அது காய்வதற்குள் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து கொண்டுவந்த ஆவாரம்பட்டைத் தூளை அதன்மேல் சலித்துவிடுகிறார் பக்ருதீன். ஊதினால் மிச்சம் பறந்துவிடும். ஒட்டியது புழுதித் தரையாகும். அந்தத் தரையில் டம்ளர் உயரத்துக்கு ஒரு வீடு நிற்கும். அட்டையின் அடிப்புறத்துக்கும் வர்ணம் உண்டு. "மேல மட்டும் பூசுனா அப்பளமா வளைஞ்சுக்கும்ல!" என்பார்.

பகலில் அதே தோல்ஷாப்பில் கிடங்குப் பொறுப்பு. பர்மா சண்டையின்போது பட்டாளத்தில் இருந்தவர். அதிகாரிகள் மேசைமேல் பொம்மை ஊரை வைத்துப் போர் ஆடிப் பார்ப்பதை அங்கே கண்டார். இப்போது ஞாயிறுதோறும் அவருடைய பேகம்பூர் வீட்டில் போர். எதிரி, டிரில் மாஸ்டர் அருளப்பன். ஈயச் சிப்பாய்கள் அடிக்கோல் அளவில் நகர்வார்கள். பீரங்கி சுட்ட வீட்டை எடுத்துவிட்டு, அதன் இடிந்த வடிவத்தை வைக்க வேண்டும். உள்ளே இருந்தவர்கள் காலி. தம் தளபதியைத் தாமே சாய்த்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

அதனால் ஒவ்வொரு வீட்டோடும் அதன் இடிபாட்டையும் செய்துவிடுவார். சுவரில் விளக்குப் புகை பிடித்துக் கரியாக்குவதில் அவருக்குத் தனி ருசி. "வீடு கொத்தனும் கட்டிருவான் மாஸ்டர். இடிஞ்சத இடிஞ்ச மாதிரியே கட்டணும். அதுக்கு நாந்தேன்."

"ஊரே வீடு கட்டுது. இவுகளும் கட்டுறாக, எலி குடியிருக்க!" என்பாள் மனைவி கமர்ஜஹான்.

நிலக்கோட்டையில் அவள் பிறந்த வீட்டை விற்றபின், வாங்கியவர்கள் அதை இடித்துப் பூ மண்டி போட்டுவிட்டார்கள். போன மாதம் பக்ருதீன் அந்த வீட்டைச் செய்தார். சன்னல் பச்சையை அவள் தலையாட்டும்வரை மாற்றி மாற்றிப் பூசினார். அதற்கு மட்டும் இடிபாடு செய்யவில்லை.

இந்த ஞாயிறு அருளப்பன் கூரையைத் தூக்கி, தம் ஆட்கள் அத்தனை பேரையும் அந்த வீட்டுக்குள் இறக்கினார். எதிரே பக்ருதீனின் பீரங்கி. சுட்டால் வெற்றி, விட்டால் அடுத்த நகர்விலேயே அவர் கோட்டை போய்விடும். அந்த மேசையில் பக்ருதீன் இதுவரை தோற்றதே இல்லை.

"சுடுங்க பாய். என்ன யோசன?"

"செத்த பொறுங்க மாஸ்டர்."

"இடிஞ்சது இல்லேன்னு சாக்குச் சொல்லப்படாது. வெறுந்தரையா விட்ருவோம்."

கமர்ஜஹான் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். "அட்டதானே, சுட்டுத் தள்ளுங்க. இந்த அண்ணன் வாய அடைக்க வேணாமா?" சொன்னவள் மேசையைப் பார்க்கவில்லை.

பக்ருதீன் தம் தளபதிப் பொம்மையை ஒற்றை விரலால் சாய்த்தார். அருளப்பன் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. அதைக் காதில் வாங்காமல் அந்த வீட்டை அட்டையோடு தூக்கி, அதன் வாசல் கமர்ஜஹானைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.