மேசையில் இரண்டு வான்கோழி

கிறேஸ் மொன்றியலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், அவள் வேலை செய்த சென்ட் லோரன்ட் தையல் தொழிற்சாலையில் கிறிஸ்து பிறந்த நத்தார் பண்டிகைக்கு ஆளுக்கொரு உறைந்த வான்கோழி கொடுத்தார்கள். மற்றத் தமிழ்ப் பெண்கள் அதை வெட்டிக் கறியாக்கிவிட்டு, இறைச்சி சப்பென்று இருக்கிறது என்று குறைப்பட்டார்கள். கிறேஸ் பக்கத்து மெஷினில் இருந்த கிரேக்கக்காரியைப் பிடித்தாள். கொஞ்சப் பிரெஞ்சும் மிச்சம் கைச்சாடையுமாக அந்த மனுசி விளக்கினாள்: சோறும் ஈரலும் திராட்சை வற்றலும் கறுவாப்பட்டையும் கலந்து வயிற்றில் அடைக்க வேண்டும், நெஞ்சிறைச்சி காயாமல் இருக்கத் தோலுக்குக் கீழே பட்டர் பூச வேண்டும். கிறேஸ் அதோடு வறுத்த மிளகாய்த்தூளும் முந்திரிக் கஜுவும் சேர்த்தாள்.

அதன் பிறகு நத்தார் என்றால் பார்க் எக்ஸ்டென்ஷனில் அவளுடைய மூன்றாம் மாடி வீடுதான். கணவன் யோசெப்பின் சொந்தமெல்லாம் பனி உறைந்த இரும்புப் படிகளில் கம்பியைப் பிடித்தபடி ஏறி வரும். யோசெப்பின் சித்தப்பா செபஸ்தியாம்பிள்ளை முதல் துண்டை மென்றுவிட்டு, "கிறேசின்ரை கைக்குக் கிட்ட ஒருத்தரும் வரேலாது" என்பார். தையல் தொழிற்சாலை மூடியபின் கிறேஸ் மருந்துக் கம்பனி ஒன்றில் குளிசைப் பெட்டி அடுக்கினாள். அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட ஒருவரும் இல்லை. வருசத்தில் ஒருநாள் கேட்கும் அந்த ஒரு வசனம் அவளுக்குப் பெரிது.

போன கார்த்திகையில் துஷாந்தினி போன் எடுத்தாள். யோசெப்பின் தம்பி பற்றிக்கின் மனைவி, கார்டெரியில் பிள்ளை பார்க்கும் வேலை, பிரெஞ்சு தண்ணீர்பட்டபாடு. கோடையில்தான் சென்ட் லோரன்டில் வீடு வாங்கியிருந்தார்கள்.

"அக்கா, இந்தமுறை நத்தார் எங்கட வீட்டிலை. வான்கோழியும் நானே செய்யிறன். நீங்கள் சும்மா வந்து இருந்து சாப்பிடுங்கோ."

"நல்லது பிள்ளை" என்று சொல்லிவிட்டு கிறேஸ் போனை வைத்தாள். கழுவி அடுக்கியிருந்த சட்டியை எடுத்து இன்னொருமுறை தேய்த்தாள்.

"சும்மா வந்து இருந்து சாப்பிடட்டாம்" என்றாள் யோசெப்பிடம்.

"நல்லதுதானே. உனக்கும் ஓய்வு."

"நான் ஓய்வு கேட்டனானே?"

கோடையில் வீடு பார்க்கப் போனபோது கண்ட, கோழி வாட்டும் அந்தத் துஷாந்தினி வீட்டு அவண் கிறேசின் கண்ணைவிட்டுப் போகவில்லை. கண்ணாடிக் கதவு, உள்ளே வெளிச்சம், ஆட்டுக்குட்டியே நிற்கக்கூடிய அகலம். தன்னுடைய அவணின் கதவு திறந்துவிடாமல் அவள் இத்தனை வருசமும் கதிரை ஒன்றை முட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்தாள். ஒரு ஞாயிறு பூசையில் முழங்காலில் இருந்தபோது, அந்த அவண் நத்தாரன்று பழுதாய்ப் போகட்டும் என்று மனம் கேட்டது. திடுக்கிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆசை மட்டும் போகவில்லை.

நத்தார் காலையில் யோசெப் எழும்பியபோது வீடு முழுக்க வாசம்.

"இதென்ன?"

"கோழி."

"அங்கை கோழி இருக்குமே."

"இருக்கட்டும். வாற ஆக்களுக்குக் காணாட்டில் என்ன செய்யிறது?"

காரில் அவள் துவாயால் சுற்றிய ட்றேயை மடியில் வைத்திருந்தாள். கிறேவி தேர்மஸ் போத்தலில் இருந்தது.

கதவைத் திறந்த துஷாந்தினியின் சிரிப்பு ட்றேயைக் கண்டதும் பாதியில் நின்றது.

"ஏனக்கா கஷ்டப்பட்டனீங்கள்?"

"கஷ்டமென்ன. எனக்குப் பழகின வேலை."

மேசையில் இரண்டு வான்கோழிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. துஷாந்தினியின் கணவன் பற்றிக், கத்தியை வைத்துக்கொண்டு எதை முதலில் வெட்டுவது என்று தெரியாமல் நின்றார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இதில் ஒரு துண்டு அதில் ஒரு துண்டு என்று கவனமாக எடுத்தார்கள். கிறேஸ் சாப்பிடவில்லை; மற்றவர்களின் சாப்பாட்டுக் கோப்பைகளைப் பார்த்தாள். துஷாந்தினியின் கோழிக்குள் பாண் துண்டுகளும் அப்பிளும் பன்றி இறைச்சியும் கராம்பும் இருந்தன. நெஞ்சிறைச்சி காய்ந்திருப்பதைப் பார்த்தவுடனேயே கிறேஸ் கண்டுகொண்டாள். மனம் கொஞ்சம் குளிர்ந்தது.

அப்போது சித்தப்பா, "பிள்ளை துஷாந்தினி, உன்ரை கிறேவியை இன்னும் கொஞ்சம் இஞ்சாலை தா" என்றார். பிறகு மூன்றாம் தரமும் கேட்டார். தேர்மஸ் போத்தலை ஒருவரும் தொடவில்லை.

கிறேஸ் துஷாந்தினியின் கிறேவியைக் கரண்டி நுனியில் எடுத்து நக்கிப் பார்த்தாள். நல்ல கபில நிறம். கருகாமல் வறுபட்ட ஒரு மணம்.

"என்ன போட்டனீ?"

"கோதுமை மாவை வெறுஞ்சட்டியிலை வறுத்துப்போட்டுக் கரைச்சனான். எங்கட கார்டெரியிலை ஒரு கியூபெக் மனுசி சொன்னவ. அவையள் அப்பிடித்தானாம்."

பிட்டுக்கென்று வாராவாரம் மா வறுக்கிறவள் கிறேஸ். இந்தக் குழம்புக்கு மாவை வறுக்கலாம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அந்த அவண், அந்த வீடு எல்லாவற்றையும்விட இதுதான் அவளைச் சுட்டது. தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழும்பிக் குசினிக்குள் போனாள்.

துஷாந்தினி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு என்னிலை கோவம். எனக்குத் தெரியும்."

"கோவமென்ன."

"அக்கா, நான் கலியாணம் கட்டி வந்த நாளிலை இருந்து ஒவ்வொரு நத்தாருக்கும் உங்கட குசினியிலை வெங்காயம் உரிச்சனான். ஒருக்காலாவது அவணுக்குக் கிட்ட வர விட்டனீங்களே? எல்லாரும் கிறேஸ், கிறேஸ் எண்டேக்கை எனக்கு வயிறு எரியும். இந்த வீட்டைப் பாக்க வந்தண்டைக்கும் நான் முதல் திறந்து பார்த்தது அவணைத்தான்."

கிறேஸ் கையிலிருந்த தண்ணீரைக் குடியாமலே கீழே வைத்தாள். பிரெஞ்சு, வீடு, வயது எல்லாம் உள்ள ஒருத்தி, மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற தன்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். தன் வாழ்க்கையில் தன்னைப் பார்த்து அப்படி ஒருவரும் எரிந்ததாகக் கிறேசுக்குத் தெரியாது. வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

"நெஞ்சிறைச்சி காய்ஞ்சு போச்சு" என்றாள் கடைசியில். "தோலுக்குக் கீழை பட்டர் பூசோணும்."

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டன்."

துஷாந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிறேசுக்கு உடனே வரவில்லை. என்றாலும் கதவைத் திறந்து முதலில் வெளியே வந்தவள் அவள்தான். வந்து துஷாந்தினியின் கோழியில் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டாள்.

இந்த வருசமும் நத்தார் சென்ட் லோரன்டில்தான் நடந்தது. முதல்நாளே கிறேஸ் அங்கே போய் ஒரே ஒரு வான்கோழிக்குப் பட்டர் பூசினாள்; துஷாந்தினி பக்கத்தில் நின்று பார்த்தாள். மா வறுக்கிற நேரம் துஷாந்தினி கிறேசைக் கூப்பிடவில்லை. கிறேஸ் எட்டிப் பார்க்காதமாதிரி எட்டிப் பார்த்தாள்.

சாப்பாட்டு மேசையில், புதிதாக வந்த ஒருவர் யார் சமையல் என்று கேட்டார்.

"ரெண்டுபேரும் சேர்ந்து செய்தவை" என்றார் யோசெப்.

"கோழி நான்" என்று கிறேஸ் திருத்தினாள். "கிறேவி அவள்."