முதல் குப்பி காலியாக இருந்தது

குப்பியில் செத்த பிராணியைக் காப்பது சுலபம். அதைப் பார்க்க வருகிற விருந்தாளிகளைக் காப்பதுதான் என் தொழிலில் பெரும்பாடு. போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை ஓடிய காலத்தில், பாம்பனில் ஒரு சின்னக் கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் குப்பிக் காப்பாளன். ஆவுளியா என்று எங்கள் பக்கம் சொல்கிற கடல்பசுவின் வயிற்றில் குட்டி எப்படி வளர்கிறது என்று முதன்முதலில் படம் போட்டுக் காட்டியவர் அம்புஜம் அம்மையார். அவரைப் பாராட்டி ஒரு கருத்தரங்கு வைத்தோம். விழா நடத்தி நொந்த அன்பர்களே, மேலே படியுங்கள்.

வாசலில் வரிசை

கல்கத்தா, பம்பாய் என்று எங்கிருந்தெல்லாமோ பேராசிரியர்கள் வந்து இறங்கினார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ‘வயிற்றுப் பிள்ளை வளர்வதைக் கரைத்துக் குடித்தவர்கள் வருகிறார்கள்’ என்று ஊரெல்லாம் பீற்றியிருந்தேன். மறுநாள் காலை பக்கத்து ஊரான அக்காள்மடத்து நிறைமாதக்காரிகள் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். இவர்கள் பிரசவம் பார்ப்பவர்கள் இல்லை, ஆவுளியாக் குட்டியைப் பற்றிப் பேச வந்தவர்கள் என்று கெஞ்சினேன். முன்னால் நின்ற செபஸ்தியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆவுளியாவுக்கு இம்புட்டுப் பேரா? எங்களுக்கு ஒரு நர்சம்மா வேணும்னா ராமநாதபுரம் போகணும்யா!”

வெறுங்குப்பி

குட்டி வளரும் பருவங்களை மேடையில் குப்பி குப்பியாக அடுக்கியிருந்தோம். முதல் குப்பி மட்டும் காலி. கரு உண்டான தொடக்க நாட்களின் மாதிரி அம்மையாருக்குக் கிடைத்ததே இல்லை. அவர் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. “அது இல்லாமல் என் வேலை தலையில்லாத முண்டம். காலியாகவே வையுங்கள், தேடுகிறோம் என்று தெரியட்டும்” என்றார்.

விழாக் காலையில் பார்த்தால் அந்தக் குப்பிக்குள் ஓர் எலுமிச்சம்பழம். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதை ஆராய்ந்துகொண்டிருந்தார். கூட வேலை பார்க்கும் சுப்பையாவிடம் சத்தம் போட்டேன். அவர் அசரவில்லை, பழத்தை எடுக்கவும் விடவில்லை.

“நல்ல காரியத்துல வெறும்பாத்திரம் வச்சா விளங்குமா சார்?”

கீழக்கரை விருந்து

செய்யது காக்கா கீழக்கரையில் கறிக்கடைக்காரர்; அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். வலையில் சிக்கும் ஆவுளியா அவர் கடைக்குத்தான் வரும். சினை என்றால் கருப்பையை ஐஸ் வைத்து அம்மையாருக்கு அனுப்புவார். விழாவுக்கு அவரையும் அழைத்திருந்தோம். வெறுங்கையோடு வருகிற ஆளா அவர்? வண்டியில் ஓர் அண்டா ஆவுளியாக் கறி வந்து இறங்கியது. முட்டைகூடத் தொடாத அம்மையார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, முகம் சுளிக்காமல் கும்பிட்டார். பழக்கதோஷத்தில் “சினையா?” என்றும் கேட்டார்.

“ஆமாம்மா, ரொம்ப இளஞ்சினை. இம்புட்டு இளசா நான் பார்த்ததே இல்ல.”

அம்மையார் ஓரடி முன்னால் வந்தார். “கருப்பை எங்கே?”

“அதைக் கடல்ல எறிஞ்சிட்டேன்.”

அம்மையார் முதல் குப்பியைப் பார்த்தார். உள்ளே எலுமிச்சம்பழம் இருந்தது. சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்குத்தான் தாளவில்லை. ஒன்றும் புரியாத காக்கா என்னைத் தனியே இழுத்துப் போனார்.

“இத்தன வருசமும் பாவம், அந்தக் கழிவைத்தானே கேட்டு வாங்குனாக? விழா அன்னைக்குமா அதைக் குடுக்குறது? ஒரு நாளாச்சும் அவுகளுக்கு நல்ல கறி போடுவோம்னு நெனச்சேன் தம்பி!”

அன்றிலிருந்து யாருக்குப் பாராட்டு விழா என்றாலும், அவருக்கு வேண்டியதைக் கடலில் எறிந்துவிட்டு மாலையோடு நிற்கிறோமோ என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.