முழுக்கச் சிவந்த மீன்

ஆராய்ச்சிக்கு நிதி தருகிறவர்கள், முடிவை ஊர் மக்களுக்கும் புரியும்படி சொல்லியாக வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். பேராசிரியர்களுக்கு அதற்கு நேரமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. வெளியே யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அப்படிப் பல வேலைகள் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் வந்து சேர்ந்தன. அவளே படிப்பாள், அவளே எழுதுவாள், அவளே படம் போடுவாள். தலையணை மொத்தத்தில் வரும் அறிக்கையை ஒரே தாளில் அடக்கிவிடுவதால் வீட்டில் அவளுக்குச் ‘சுருக்கம்’ என்று பேர். “முகத்துல விழறதுக்கு முன்னாடி பேர்ல விழுந்துடுச்சு” என்பான் கணவன்.

அவள் செய்த எதிலும் அவள் பேர் இருக்காது. பல்கலைக்கழக முத்திரை மட்டும் இருக்கும். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. ஏதாவது பிசகினாலும் தன் தலையில் விடியாது.

அந்த வருஷம் ஏரி மீன்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று வந்தது. ஏரியில் கலக்கும் ஈயம் மீனின் செவுளிலும் குடலிலும் தங்குகிறது. சதையில் இருப்பது பயப்படும் அளவில் இல்லை. சுத்தம் செய்து தாராளமாகச் சாப்பிடலாம். விஷயம் இவ்வளவுதான். சுருக்கம் ஒரு மீனை வரைந்து செவுளுக்கும் குடலுக்கும் மட்டும் சிவப்பு அடித்தாள். துண்டுத் தாளில் அது மை சிந்தினாற்போல் இருந்தது. மீன் முழுவதற்கும் அடித்தாள். பளிச்சென்று கண்ணை இழுத்தது.

சரிபார்த்த ஆராய்ச்சி மாணவி போன் செய்தாள். “மேடம், செவுள்லயும் குடல்லயும்தானே இருக்கு? முழு மீனும் செவப்பா இருக்கே.”

“கீழ தெளிவா எழுதியிருக்கேன்ல. படம் இழுத்தாத்தாம்மா எழுத்தப் படிப்பாங்க.”

“சார் சரின்னா சரி மேடம்.”

ஏதோ கூட்டத்தில் இருந்த பேராசிரியர், போனில் உயர்த்திய கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவைத்தார். தாள் வெளியானது.

யாரோ எழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் போனில் அனுப்பினார்கள். அது கை மாறி ஊரெல்லாம் சுற்றியது. சுருக்கத்தின் அக்காவே கூப்பிட்டாள்.

“ஏய், ஏரி மீன்ல விஷமாம்டி. வாங்கித் தொலைக்காத. படமே வந்திருக்கு.”

“அக்கா, அது நான் போட்ட படம். மீன்ல ஒண்ணும் இல்லக்கா.”

“நீ போட்டதா? அப்ப உண்மையாத்தான் இருக்கும்.”

 சுருக்கம் அன்று சாயந்திரமே சந்தைக்குப் போனாள். கடல் மீன் விற்ற கடைகளில் கூட்டம். ஏரி மீன் வரிசையில் மட்டும் ஆளே இல்லை. அவள் வழக்கமாக வாங்கும் மீன்கார அக்கா, அட்டைத் துண்டை வைத்துக்கொண்டு நிஜமாகவே ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“வா கண்ணு. நீயாவது வந்தியே” என்றாள் மீன்கார அக்கா. “எவனோ படம் போட்டுட்டானாம். அவன் கை விளங்குமா?”

 சுருக்கம் வீட்டுக்குத் தேவைக்கு மேலே வாங்கிக்கொண்டு வந்தாள். வறுத்ததை எல்லாரும் சாப்பிட்டார்கள். அவள் மட்டும் ரசம் சோற்றோடு எழுந்துவிட்டாள்.

மறுநாள் பேராசிரியரின் அறைக்குப் போய், திருத்தம் ஒன்று வெளியிடலாமா என்று கேட்டாள்.

“எதுக்குங்க? எழுத்துல சரியாத்தானே இருக்கு” என்றார் அவர். “இவ்வளவு பேர் பாத்தது எங்க துறையிலேயே இதான் மொதத் தடவ. நிதி குடுத்தவங்களுக்கு அனுப்பற அறிக்கையிலயும் எழுதிட்டேன். அடுத்த திட்டமும் உங்களுக்குத்தான்.”

பாராட்டு இப்படியும் சுடும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

தானே இன்னொரு படம் போட்டாள். மீன் வெள்ளை, செவுளும் குடலும் சிவப்பு, ‘சாப்பிடலாம்’ என்று கொட்டை எழுத்து. கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் மாணவி அதைத் துறையின் இணையப் பக்கத்தில் போட்டாள். அதை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. அச்சடித்து எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனபோது, மீன்கார அக்காவின் இடத்தில் ஒருவன் போன் உறை விற்றுக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலைக்கு அவள் போய்விட்டதாகச் சொன்னான்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சுருக்கம் ஆஸ்பத்திரிக்கே போனாள். வாளியும் கையுமாக வந்தவளை நடையிலேயே நிறுத்திச் சொன்னாள்.

“அக்கா, அந்தப் படம் போட்டது நான்தான். கண்ணுல படணும்னு முழுசும் செவப்பு அடிச்சுட்டேன். மன்னிச்சுடுங்க.”

மீன்கார அக்கா வாளியைக் கீழே வைத்தாள். கோபம் வரும் என்று சுருக்கம் காத்திருந்தாள். வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

“உன் பேரு அதுல இருந்துச்சா?”

“இல்லக்கா.”

“இருந்திருந்தா அன்னிக்கே உன் வீட்டு வாசல்ல வந்து கத்தியிருப்பேன். நீயும் மாத்தியிருப்ப. யாரைப் போய்க் கேக்கறதுன்னே தெரியாம உக்காந்திருந்தோம் கண்ணு.” வாளியை எடுத்துக்கொண்டாள். “ஈரம். பாத்து நடந்து போ.”

சில மாதங்களில் ஊர் அதை மறந்தது. ஏரி மீன் மறுபடி விற்றது, விற்றவர்கள் மட்டும் வேறு ஆட்கள். சுருக்கம் அதற்குப் பிறகும் அதே வேலையைத்தான் செய்தாள். ஆனால் கீழே தன் பேரும் போன் நம்பரும் போட்டாலொழிய எதையும் எடுப்பதில்லை. அதனால் சில துறைகள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டன.

எப்போதாவது பஸ்ஸில் மீன்கார அக்கா ஏறுவாள். சுருக்கம் எழுந்து இடம் கொடுப்பாள். அக்கா தன் முதுகுவலியைப் பற்றியும் மகனைப் பற்றியும் சாதாரணமாகத்தான் பேசுவாள். சுருக்கம் தலையாட்டிக் கேட்பாள். பிறகு தன் நிறுத்தம் வருமுன்பே இறங்கி, மீதி வழியை நடந்தே போவாள்.