மகளின் மார்பில் மாமனாரின் காது

என் மகளின் இதயத்தில் இருந்த சத்தம் நின்றுவிட்டது என்று மாமனார் சொன்னபோது, படித்தவளான நான் ஏன் அதை அப்படியே நம்பினேன்? இரண்டு வருடமாக யோசிக்கிறேன். நம்ப வேண்டும் என்ற ஆசைதான் காரணம் என்று ஒருநாள் தோன்றும். அவர் அதுவரை ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லையே என்று மறுநாள் தோன்றும். பதில் இன்னும் பிடிபடவில்லை.

அவள் பிறந்த ஆறாவது வாரம் தடுப்பூசிக்காகப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோயிருந்தோம். டாக்டர் குழாயை அவள் மார்பில் வைத்தார். வைத்த குழாயை வெகுநேரம் எடுக்கவில்லை. எக்கோ எடுத்ததில், இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சின்னத் துளை தெரிந்தது. "பேடிக்கண்டா", பயப்பட வேண்டாம் என்றார். பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா, எடை கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள் என்றார். கவனி என்று என்னைப் போன்ற ஒருத்தியிடம் சொல்லியிருக்கக் கூடாது. தூங்குகிற குழந்தையின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுவேன். எண்ணியது தப்போ என்று மறுபடியும் எண்ணுவேன்.

எருத்தேன்பதியில் எங்கள் வீடு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மாமனாருக்குப் புரியட்டும் என்று ஒரு காகிதத்தில் நான்கு அறைகளை வரைந்தேன். வலப்பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது, இடப்பக்கம் உடம்பு முழுவதற்கும் அனுப்புகிறது, அதனால் இடப்பக்கத்தில் அழுத்தம் அதிகம், அந்த அழுத்தத்தில் கொஞ்சம் ரத்தம் துளை வழியாக வலப்பக்கம் போய், வந்த நுரையீரலுக்கே திரும்பப் போகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. குழந்தையை மடியில் கிடத்தி, குனிந்து, இடது காதை அவள் மார்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மோட்டார் ரூமில் பைப்பின் மேல் காதை வைத்து, காற்று எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடிக்கிற அதே குனிவு. சுற்றுவட்டத்தில் யார் தோப்பில் மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும் மெக்கானிக்குக்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"உஸ்ஸு உஸ்ஸுங்குது அம்மிணி. நல்லா சத்தமாவே கேக்குது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அட, அதுக்கெதுக்கு அழுவற? தண்ணி ஓசு வாயப் பெருவிரல்ல அடைச்சுப் பாரு. சந்து சின்னதாக ஆகத்தான் சீறும். முழுசாத் தொறந்துட்டா சத்தமேது? நம்ம புள்ளைக்கு ஓட்டை சின்னதுதான்."

அடுத்த முறை டாக்டரிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, உங்கள் மாமனார் சொன்னது சரிதான் என்றார். அன்றிலிருந்து என் பயத்துக்கு மாமனாரின் காதுதான் மருந்து. தினமும் காலையில் தோப்புக்குப் போகுமுன் அவள் மார்பில் காதை வைத்து, "இருக்குது, நேத்து மாதிரியேதான்" என்று எனக்குச் சேதி சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். "ஏனுங், புள்ளைய எழுப்பி உட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிராதீங்க" என்று அத்தை சடைத்துக்கொள்வார். அவள் அழுதால் மாமனாருக்குத் தாங்காது. அழுதால் இதயத்துக்குப் பாரம் என்று, ஒரு வயதில் நடக்க வேண்டிய காதுகுத்தையே தள்ளிப்போட்டார். கேட்ட உறவினர்களிடமெல்லாம், "உஸ்ஸு நிக்கட்டும், குத்திக்கலாம்" என்பதே பதில்.

அவளுக்கு இரண்டு வயது முடிந்த பிறகு ஒரு காலை, காதை வைத்தவர் நிமிரவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி வைத்தார். "துடிப்பு கேக்குது அம்மிணி. உஸ்ஸக் காணோம். அடைஞ்சுபோச்சு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் வெளியே போனதை நான் மறக்கமாட்டேன். அந்த வாரமே குலதெய்வக் கோயிலில் காதுகுத்துக்கு நாள் குறித்து, கிடாவுக்கும் சொல்லிவிட்டார். அதே நாளில்தான் எக்கோவுக்குப் போக வேண்டியிருந்தது. "அடைஞ்ச ஓட்டைக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார். நானும் தள்ளிப்போட்டேன். என் அண்ணன் மடியில் உட்கார்ந்து அவள் வீறிட்டு அழுதபோது, மாமனார் முதன்முறையாக அவள் அழுகையைச் சிரித்துக்கொண்டு பார்த்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காய்ச்சலுக்காகப் போனோம். குழாயை வைத்த உடனேயே டாக்டர், சத்தம் அப்படியே இருக்கிறதே, ஏன் எக்கோவுக்கு வரவில்லை என்றார். எடுத்துப் பார்த்தோம். துளை முன்பைவிடக் குறுகியிருந்தது; மூடவில்லை. பயமில்லை, ஆனால் வருடாவருடம் பார்க்கத் தவறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே கோபம். மாமனார் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு நேராக மோட்டார் ரூமுக்குப் போனேன். அவர் வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் பைப் இணைப்பு விட்டு, நூல் போலத் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற எனக்கு அந்த உஸ் தெளிவாகக் கேட்டது. வேட்டி நனைந்த பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார். குக்கர் விசிலுக்கு அவர் இப்போதெல்லாம் திரும்பாததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கனத்த துடிப்பு அவருக்குக் கேட்டிருக்கிறது. மெல்லிய சீறல் அவர் காதை விட்டுப் போயிருக்கிறது.

"டாக்டர் என்ன சொன்னாரு அம்மிணி?" என்றார் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே. "நல்லா இருக்கறாளாமுங்க மாமா" என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

இப்போது அவளுக்கு நான்கு வயது. வருடாந்தர எக்கோவுக்குப் போகும்போது மாமனாரிடம் சளிக்குப் போகிறோம் என்கிறேன். "நீயே பக்குவமாச் சொல்லு, நான் சொன்னா சண்டையாயிரும்" என்று கணவர் நழுவிக்கொள்கிறார். மாமனார் இன்றைக்கும் காதை வைத்து, "கம்முனு இருக்குது" என்று நிறைந்த முகத்தோடு சொல்கிறார். பிறகு அவளை மொபெட்டில் முன்னால் நிறுத்தி அங்கன்வாடிக்குக் கூட்டிப்போகிறார். போன வாரம் பக்கத்துத் தோப்புக்காரர், "பின்னால வந்து ஆரன் அடிச்சு அடிச்சுக் கை வலிக்குதுங்கம்மிணி, உங்க மாமன் ரோட்டையே கெரயம் பண்ணி வாங்கிட்டாரா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனியும் தள்ளிப்போட முடியாது. ஆனால் காது மங்கிவிட்டது என்று சொன்னால், எப்போதிருந்து என்று கேட்பார். சொன்னால், அவர் முகம் துடைத்துக்கொண்டு போன அந்தக் காலையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்வேன். வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்க்கிறவர்கள் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். நான் எதை முதலில் சொல்ல வேண்டும், அவர் காதைப் பற்றியா, அவள் இதயத்தைப் பற்றியா?