செஞ்சிக் கோட்டையை வலம் வந்த ஞாயிற்றுக்கிழமை

நான் அத்தையை முதன்முதலாகப் பார்த்தபோது என் அம்மாவின் கால் அவள் மடியில் இருந்தது.

அத்தை போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் எல்லோரும் ஆஸ்பத்திரியைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து பின்பக்கம் போய்விடுவேன். எனக்கு அந்தப் பனி நாள்தான் வேண்டும். அன்றைக்கு அத்தை நன்றாக இருந்தாள். மலையிலிருந்து ஓடியே இறங்கி வந்தாள்.

அப்போது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அரைப்பரீட்சை லீவு. எங்கள் வீடு அடி அண்ணாமலையில். அம்மாவின் தம்பி, என் மாமா, செஞ்சியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தார். சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். தாத்தாவும் பாட்டியும் அவர் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டதால், அம்மாதான் அவரை வளர்த்தாள். மீசை வந்த பிறகும் தட்டில் சோறு போட்டுவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

அந்தச் சனிக்கிழமை மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா, நாளைக்குச் செஞ்சிக் கோட்டைக்குப் போலாமா?" என்றார்.

"மார்கழிப் பனியில கோட்டையா? புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும்."

"குல்லா போட்டுக்கும். ராஜா கட்டின கோட்டைக்கா. எங்கெங்க இருந்தோ வந்து பாக்கறாங்க. நாம பக்கத்துலயே இருந்துகிட்டு பாக்கலன்னா எப்படி?"

"இத்தினி வருஷம் இல்லாத ராஜா மேல இன்னாடா திடீர்னு பாசம்?"

மாமா ரசம் கேட்டார். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அப்பா வரவில்லை.

காலையில் பஸ் ஏறும்போது ஊரே காணாமல் போயிருந்தது. எந்நேரமும் தலைக்கு மேல் நிற்கிற எங்கள் மலைகூட இல்லை. டிரைவர் லைட்டைப் போட்டுக்கொண்டு மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். கண்டக்டர் முன்னால் போய் நின்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வழி சொன்னார். நான் குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து வாயைத் திறந்து திறந்து புகை விட்டுக்கொண்டே வந்தேன். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

செஞ்சியில் இறங்கி நடந்து, கோட்டை வாசலைத் தாண்டினோம்.

"கோட்டை எங்க மாமா?"

"தோ, அங்கதான்." மாமா கையைக் காட்டினார். காட்டிய இடத்தில் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

கிட்டே போனதும் மலையின் அடிப்பாகமும் மேலே போகிற படிகளும் மட்டும் தெரிந்தன. தலை இல்லாத மலை. அம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஒரு கல்லுக்குப் பின்னால் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாக்கா பண்ற?"

"மலைடா."

"இது கோட்டைக்கா. மேல ஏறிப் பாக்கணும்."

"மலை மேல கால் வைப்பாங்களா? உனக்குப் புத்தி இருக்குதா?"

எங்கள் வீட்டில் யாரும் மலை ஏறியதில்லை. எங்களுக்கு மலைதான் சாமி. பௌர்ணமிக்கு அதைச் சுற்றுவோம், சாமி மேல் ஏறி நிற்க மாட்டோம். உலகத்தில் உள்ள எந்த மலைக்கும் இதுதான் சட்டம் என்று அம்மா நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"அது நம்ம மலைக்கா. இது ராஜா மலை. சிப்பாயிங்க பூட்ஸ் காலோட ஏறி இருக்கானுங்க."

"அதான் ராஜாவும் இல்ல, சிப்பாயும் இல்ல. நட." மலை வலது கைப் பக்கம் இருக்கும்படி அம்மா நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மாமாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. காரணம் எனக்கு அப்போது தெரியாது. பாதி மலையில், படியோரம், புளிசாதப் பாத்திரத்தோடு ஒரு பெண் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். தற்செயலாகப் பார்த்த மாதிரி அம்மாவிடம் பேச வேண்டும் என்று ஏற்பாடு. அக்காவுக்குப் பிடித்தால்தான் கல்யாணம், இல்லை என்றால் இல்லை என்று மாமா அவளிடமே சொல்லியிருந்தார். இதை எல்லாம் அத்தைதான் பிறகு என்னிடம் சொன்னாள், சிரித்துச் சிரித்து.

மாமா இரண்டு கையையும் வாயில் குவித்து மேலே பார்த்துக் கத்தினார். "நாங்க ஏறல! சுத்திப் போறோம்!"

"யார்கிட்டடா கத்துற?"

"எதிரொலி வருதானு பாக்கறேன்."

எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். "சுத்திப் போறோம்! சுத்திப் போறோம்!" மாமா என் தலையைத் தடவி, "இன்னும் ஜாஸ்தியா கத்து" என்றார். இரண்டு பேரும் கத்திக்கொண்டே போனோம். பைத்தியம் பிடித்த குடும்பம் என்று ஆடு மேய்க்கிறவர் ஒருவர் நின்று பார்த்தார்.

செஞ்சி மலையைச் சுற்றப் பாதை கிடையாது. கொஞ்ச தூரத்திலேயே இடிந்த மதில், அதற்கப்பால் ஒரே வேலிகாத்தான் முள். அம்மா அதற்குள்ளும் வழி தேடினாள். "அண்ணாமலையாரே" என்று ஒரு கத்தல். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குதிகாலில் முள் ஆழமாக ஏறியிருந்தது. மாமா பிடித்து இழுத்தார், உள்ளேயே ஒடிந்துகொண்டது.

"நகருங்க, நான் எடுக்கறேன்." பனிக்குள்ளிருந்து ஒரு பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அம்மாவைக் கேட்காமலே உட்கார்ந்து, அந்த மண் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். "வலிச்சா சொல்லுங்கக்கா. பாப்பா, உங்க அம்மா கையப் பிடிச்சுக்கோ."

"வலிக்கல. உன் கை லேசா இருக்குதும்மா," என்றாள் அம்மா. "இந்த ஊர்தானா? எந்தத் தெரு?"

அதற்குள் முள் வெளியே வந்துவிட்டது. கறுப்பு முனையோடு அவள் உள்ளங்கையில் இருந்தது. அவள் மாமாவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"காலனிங்க்கா."

எங்கள் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு. காலனிப் பெண் ஊர்க்காரர் வீட்டுக்கு மருமகளாக வருவதில்லை. அதெல்லாம் எனக்குப் பின்னாட்களில் தெரிந்தது. அன்றைக்கு நான் பார்த்தது அவள் கைகளை மட்டும்தான். முள்ளைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் காலிலிருந்து எடுத்துக்கொண்டாள் அவள். அம்மாவே காலை இழுத்துக்கொள்ளட்டும் என்று விட்ட மாதிரி இருந்தது.

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் கோட்டையாடா?"

அம்மா ரொம்ப நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மடியிலேயே இருந்தது. பிறகு அந்தப் பெண்ணிடம், "இன்னொரு முள்ளு இருக்குது, பாரு" என்றாள்.

"இல்லம்மா! ஒரே முள்ளுதான். தோ கெடக்குது பாரு!" நான் எடுத்துக் காட்டினேன்.

"நீ கம்முனு இரு. என் காலு எனக்குத் தெரியாதா? நீ பாரும்மா. நிதானமாப் பாரு, அவசரம் இல்ல."

அவள் குனிந்து கட்டைவிரலால் குதிகாலைத் தடவித் தடவித் தேடினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் அம்மாவின் கால் மேல் விழுந்தது. முள் அவளுக்கும் குத்திவிட்டதோ என்று நினைத்தேன். மாமா மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நானும் குல்லாவைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்த் தேடினேன். எவ்வளவு தேடியும் எனக்கு அந்த முள் தட்டுப்படவே இல்லை.